அமெரிக்க மெஷின் சுருட்டு: உலர் வகைக்கும் மென்மையான வகைக்கும் பாடத்தில் (இலையைக் காயவைத்துப் பதப்படுத்துவதில்) என்ன வித்தியாசம்?

கார்த்தி_ஹூஸ்டன்
பரோடி, டி நொபிலி மாதிரி பென்சில்வேனியாவில் பேர் வாங்கிய இத்தாலிய பாணி உலர் சுருட்டும், கனெக்டிகட் ப்ராட்லீஃப் என்ற அகன்ற இலைப் புகையிலையை மேலிலையாகச் சுற்றியதும் இரண்டுமே மெஷினில் செய்தவைதான். ஆனால் ஒன்று விறைப்பாக, புகைவாசத்தோடு இருக்கிறது. மற்றது மெத்தென்று இனிப்பு வாசனை. இது பாடம் போடும் முறையால் வருவதா? "முழுக்கப் புகையிலை" என்று போட்டிருப்பதை நம்பலாமா? இரண்டையும் ஒரே ஹ்யூமிடாரில் (ஈரப்பதம் காக்கும் சுருட்டுப் பெட்டியில்) வைக்கலாமா?

இலைக்காரன்
வித்தியாசம் கொட்டகையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ப்ராட்லீஃப் செடியைத் தண்டோடு வெட்டி, வயலிலேயே வாடவிட்டு, சட்டத்தில் ஐந்தாறு செடிகளாகக் குத்திக் கொட்டகையில் தொங்கவிடுவார்கள். நெருப்பு கிடையாது, வெறும் காற்றுதான். பக்கப் பலகைகளைத் திறந்து மூடியே ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் இலை பச்சை, மஞ்சள், பழுப்பு என்று மாறி, கடைசியில் நடுநரம்பு காயும். மப்பும் ஈரமுமான நாள் தொடர்ந்து நீடித்து, பலகையையும் திறக்காமல் விட்டால் தொங்கும் இலையே அழுகிவிடும். இறக்கும்போது எதிர்மாறு: காற்றில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இறக்க வேண்டும், இல்லையென்றால் இலை நொறுங்கும். பிறகு அம்பாரம் போட்டுப் புழுங்கவிடுவது. உள்சூடு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். அம்மோனியா வெளியேறுவது இங்கேதான். இதில் அவசரப்பட்டால், சுருட்டைப் பற்றவைத்ததும் மூக்கில் ஏறும்.

உலர் வகைக்கு வருவது கென்டக்கி, டென்னசியின் கறுப்பு இலை. அதற்கு நெருப்புப் பாடம். முதல் ஐந்தாறு நாள் நெருப்பே வைக்காமல் மஞ்சளாக விடுவார்கள். பிறகு ஹிக்கரி, ஓக் கட்டைகளை அடுக்கி, ஈர மரத்தூளால் மூடி, சுடர் எழாமல் புகையவிடுவார்கள். தொடக்கத்தில் 35–38 டிகிரி, இலை பழுப்பாகும்போது 45 வாக்கில், நடுநரம்பு காய்வதற்கு அதிகபட்சம் 54. ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் மஞ்சளாவதற்கு முன்பே இலை காய்ந்து பச்சை நிறம் அப்படியே தங்கிவிடும். ஈர வெக்கையில் மெதுவாக இழுத்தடித்தால் சத்து கரைந்து, எடை குறைந்து, இலை உதிரும். சுடர் கிளம்பினால் கொட்டகையே போய்விடும். இந்த வேலையில் அதுதான் பெரிய பயம்.

டாம்பா_ரசிகன்
மெஷின் என்றாலே மட்டம் என்று நினைப்பது தவறு. ஃப்ளோரிடாவின் டாம்பாவில் 1910-இல் கட்டிய எல் ரெலோஹ் ஆலையில் ஜே.சி. நியூமன் நிறுவனம் 1930-களின் மெஷின்களை இன்றும் ஓட்டுகிறது. ஒவ்வொரு மெஷினிலும் மேலிலையை ஆள்தான் எடுத்து விரித்து வைக்க வேண்டும். தட்டு அதை உறிஞ்சிப் பிடிக்க, அச்சு வெட்டும். அதனால் மேலிலை இழுபடும் அளவுக்கு ஈரப்பதமாக இருக்கணும். காய்ந்திருந்தால் சுற்றும்போது கிழியும். அதிக ஈரம் என்றால், பிறகு உலரும்போது சுருங்கி ஓரம் பிரியும்.

தரம் விழுவது பைண்டரில், அதாவது மேலிலைக்கு அடியில் உள்புகையிலையைச் சுற்றிக் கட்டும் இலையில்தான். 1950-களில் புகையிலைத் தூளையும் நரம்பையும் அரைத்துப் பசை சேர்த்துத் தாள்போல வார்க்கும் முறை வந்தது. மலிவு, வீண் கழிவு இல்லை, மெஷினுக்கும் சுலபம். கனெக்டிகட்டில் பைண்டருக்கென்று இலை பயிரிட்டவர்களின் நிலப்பரப்பு அதனால்தான் சரிந்தது. லேபிளில் வெறும் "புகையிலை" என்றிருந்தால் அது இந்தத் தாளாகவும் இருக்கலாம். ஒரு சுருட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிளை நரம்பு தெரிந்தால் இலை. எங்கும் ஒரே சீராக இருந்தால் தாள். தண்ணீரில் போட்டால் தாள் குழைந்துபோகும்.

இலைக்காரன்
இதோடு ஒன்று. மருந்துக்கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தும் மெத்தென்றே இருந்தால் கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். மென்மையை வைத்துப் பாடத்தை எடைபோடாதீர்கள்.

சேமிப்பு_ரவி
ஒரே பெட்டி வேண்டவே வேண்டாம். உலர் சுருட்டின் புகைவாசம் சில நாளிலேயே மற்றதில் ஏறிவிடும், பிறகு போகாது. தவிர, உலர் வகையை 70 சதவீத ஈரத்தில் வைத்தால் உப்பி, மேலிலை வெடிக்கும், நெருப்பு பாதியில் அணையும். அதற்கு 55–60 போதும். ஹூஸ்டன் கோடையில் திறந்து வைத்தாலும் ஈரம் ஏறும், அதனால் மூடியிட்ட டப்பாவில் ஈரத்தை 58 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பை ஒன்று போடுங்கள். ப்ராட்லீஃப் வகைக்கு 62–65 வைக்கலாம். வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். மேலே போனால் புகையிலை வண்டு பொரிக்கும். குண்டூசித் துளை கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18-இல் ஒரு வாரம் உறையவைத்து, ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்த பிறகே வெளியே எடுங்கள்.

கார்த்தி_ஹூஸ்டன்
நன்றி. ப்ராட்லீஃப் மேலிலையில் சில இடத்தில் பச்சைத் திட்டு இருக்கிறது. பூஞ்சையா?

இலைக்காரன்
துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டினால் பூஞ்சை, அந்தச் சுருட்டைக் கழித்துவிடுங்கள். ஒட்டாவிட்டால் கொட்டகையில் வேகமாகக் காய்ந்து பச்சையம் தங்கிவிட்ட இடம் அது. காண்டெலா என்ற பச்சை மேலிலையில் வேண்டுமென்றே சூடு கொடுத்து அதே பச்சையைத் தக்கவைப்பார்கள், ஆனால் அது இலை முழுக்கச் சீராக இருக்கும். திட்டுத் திட்டாக இருப்பது குறைதான். அந்த இடம் எரியும்போது புல் நெடி அடிக்கும். எத்தனை மாதம் வைத்தாலும் பெரிதாக மாறாது.