நம்ம வீடு குழு: அப்பாவின் வாட்ச்

அப்பா, காலை 6:52
(ஸ்கிரீன்ஷாட்)
இன்று 4.2 கிலோமீட்டர்! 6,100 ஸ்டெப்.

சித்தி
சூப்பர் அத்தான் 👏👏

அக்கா
அப்பா, அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று ஓர் அறிவிப்பு தெரிகிறதே. எப்போது வந்தது?

அப்பா
அதுவா? செவ்வாய் ராத்திரி ஒன்று, நேற்று ஒன்று. வார் தளர்ந்திருக்கும் என்று தள்ளிவிட்டேன்.

அக்கா
தள்ளிவிடாதீங்கப்பா. வாட்சைக் கழற்றினால் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும், பார்த்திருப்பீங்க. ரத்தம் அந்தப் பச்சையை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதை வைத்துத்தான் கணக்கு. வார் தளர்ந்தால், கை ஆடினால் எண் தப்பாக வரும், அது உண்மை. ஆனால் இந்த அறிவிப்பு கை அசையாத நேரத்தில் பல தடவை பார்த்த பிறகுதான் வரும்.

சித்தி
ஐயோ, அட்டாக்கா?

அக்கா
இல்லை சித்தி. அட்டாக்கை இந்த வாட்சால் கண்டுபிடிக்கவே முடியாது. நெஞ்சு வலித்தால் வாட்ச் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.
இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும், ரத்தம் தேங்கி உறைந்துவிடலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆப்பிள் வாட்சை வைத்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வந்தது. 0.52 சதவீதம் பேருக்குத்தான் அறிவிப்பு போனது. அவர்களில் நெஞ்சில் ஈசிஜி பேட்ச் ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு இந்தத் தாளக் கோளாறு இருந்தது. அதாவது மூன்றில் ஒருவர். பயந்துவிடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

அம்மா
இரண்டு நாளாக மாடிப்படியில் பாதியில் நின்று நின்றுதான் ஏறுகிறார். கேட்டால் செருப்பு வழுக்குகிறது என்கிறார்.

அப்பா
அதையெல்லாம் ஏன் இங்கே போடுகிறாய்?

அக்கா
அம்மா சொன்னது நல்லது. அப்பா, இப்போது உட்கார்ந்து, வாட்சில் ஈசிஜி ஆப்பைத் திறந்து, ஓரத்தில் உள்ள பொத்தானில் மறு கை விரலை வைத்து 30 வினாடி அசையாமல் இருங்க. வாட்சிலேயே ஈசிஜி பதிவாகும். அது ஒற்றை லீடுதான், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில்தான் பார்க்கும், முழு ஈசிஜி ஆகாது. ஆனாலும் டாக்டருக்கு உதவும்.

சித்தப்பா
குத்தாமலேயே சுகர் பார்க்கும் வாட்ச் என்று ஒரு விளம்பரம் வந்தது. அதையும் அண்ணனுக்கு வாங்கிவிடலாமா?

அக்கா
வேண்டாம் சித்தப்பா. அப்படி ஒரு வாட்சையோ மோதிரத்தையோ அங்கீகரிக்கவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டும் சென்சார் வேறு, அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகும்.

நான்
அப்பா, இன்னொன்று. நடைப் பதிவை அந்த ஆப்பில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருக்கீங்க. வரைபடத்தில் கோடு நம் வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிகிறது. தினமும் 6 மணிக்குக் கிளம்புகிறீங்க என்பதும் யாருக்கும் தெரியும்.

அப்பா
என்னைத் தேடி யார் வரப் போகிறார்கள்?

நான்
ராணுவ வீரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்ட்ராவா ஆப் உலகம் முழுக்க மக்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாகப் போட்டது. 2018 ஜனவரியில் ஒரு ஆஸ்திரேலிய மாணவர் பார்த்தால், இருட்டாகக் கிடந்த சிரியா, ஆப்கானிஸ்தானுக்குள் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆகஸ்டிலேயே பணிக்களங்களில் இருப்பிடம் காட்டும் வசதியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தடை செய்தது.
செட்டிங்ஸில் 'நான் மட்டும்' என்று மாற்றுங்க. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியும் இருக்கும்.

தம்பி
அப்பா எங்கே இருக்கிறார் என்று நாம் நாலு பேரும் எப்போதும் பார்க்கிற மாதிரி வைத்துவிடலாமா?

அப்பா
அது வேண்டாம்ப்பா. விழுந்தால் உங்களுக்குச் செய்தி வரட்டும். மற்ற நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்கா
சரிப்பா, அது உங்கள் விருப்பம். விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் வாட்சே அவசர உதவிக்கு அழைக்கும். அவசரத் தொடர்பில் அம்மாவின் பழைய நம்பர் இருக்கிறதா பாருங்க.

அப்பா, காலை 7:40
பழையதுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். ஈசிஜியும் எடுத்தேன், டாக்டரிடம் நாளை 10 மணிக்கு வரச் சொன்னார்கள்.

அம்மா
அறிவிப்பு வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். படியில் நின்றதையும் சேர்த்து.