புதுப்பிப்பு: கூழில் மிதந்த ஸ்டெரால் பொடி

போன மாதம் எழுதியிருந்தேன்: அப்பாவின் கொலஸ்ட்ராலைக் குறைக்க வாங்கிய தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ரால் போன்ற பொருள்) பொடி கேழ்வரகுக் கூழில் கரையாமல் மேலேயே நிற்கிறது, போலிச் சரக்காக இருக்குமோ என்று.

போலி இல்லை. அதன் குணமே அதுதான். ஸ்டெரால் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொஞ்சம்தான் கரையும். உங்களில் சிலர் சுடுதண்ணீரில் போடச் சொன்னீர்கள், போட்டுப் பார்த்தேன், கரையவில்லை. தாவர ஸ்டெராலில் முக்கிய வகையான பீட்டா சிட்டோஸ்டெரால் உருகவே சுமார் 140 டிகிரி வேண்டும், கொதிக்கும் தண்ணீர் என்ன செய்யும்!

கட்டியாக உள்ளே போனால் பலன் குறைவு. குடலில் பித்த உப்புகள் உண்டாக்கும் நுண்துளிகளில் கொலஸ்ட்ராலின் இடத்தை ஸ்டெரால் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கொலஸ்ட்ரால் உடம்பில் ஏறாமல் வெளியேறும். அதற்காகத்தான் கொழுப்பு அமிலத்தோடு இணைத்து எண்ணெயில் நன்றாகக் கரையும் எஸ்டர் என்ற சேர்மமாக்கி, மார்ஜரினில் (வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் தாவரக் கொழுப்பு) சேர்க்கிறார்கள். பின்லாந்தில் 1995லேயே ஸ்டனால் (ஸ்டெராலின் நெருங்கிய வகை) எஸ்டர் சேர்த்த மார்ஜரின் கடைக்கு வந்துவிட்டது. இன்னொரு வழி லெசிதின், அதாவது கொழுப்பையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள். சும்மா கலக்கினால் போதாது. ஸ்டெராலையும் லெசிதினையும் தகுந்த கரைப்பானில் ஒன்றாகக் கரைத்து, உலர்த்திப் பொடியாக்கினால் தண்ணீரில் பால் போலப் பரவும்.

அப்படித் தயாரித்த பொடியை வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் சொல்லி வரவழைத்தேன். மோரில் அழகாகக் கலந்தது. மதியச் சாப்பாட்டோடு கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராம். இந்த அளவு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறைக்கும். கொலஸ்ட்ராலுக்கு அப்பா போடும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பாவும் விடாமல் போடுகிறார். அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை, முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.