இரண்டு மாடு, மூன்றரை மணி நேரம்: வீட்டாள் உழைப்பு செலவா, இல்லையா?

மேட்டுநிலத்தாள்:
"இரண்டு மாடும் சிறிது நிலமும் வைத்திருக்கும் குடும்பங்கள் நட்டம், நட்டம் என்று புலம்புவதற்குக் காரணம் கணக்கு எழுதாததுதான். தீவனமும் மருந்தும் போக மிஞ்சுவது அத்தனையும் லாபம்." இவை ‘பேரேடு’ நேற்று எழுதிய வரிகள். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பதினான்கு ஆண்டுகளாக நான் கணக்கு எழுதுகிறேன். தீவனம், மருந்து, சினை ஊசி, விதை, உரம், உழவுக் கூலி, கடன் வட்டி எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. என் உழைப்புக்கு மட்டும் அதில் இடமில்லை. போன ஆண்டு அதையும் எழுதிப் பார்த்துவிடுவது என்று வைராக்கியமாக இருந்தேன். சாணம் அள்ளிய கையோடு நோட்டைத் தொட முடியாது. அதனால் தொழுவத்துக் கதவின் உள்பக்கம் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒரு கரிக்கோடு போட்டேன். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி நோட்டில் ஏற்றிவிட்டுக் கதவைத் துடைத்துவிடுவேன்.

ஆண்டு முடிவில் நாளுக்குச் சராசரி மூன்றரை மணி நேரம் வந்தது. 365 நாளுக்கு 1277 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாக எடுத்தால் ஏறத்தாழ 160 நாள். வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியை அந்த 160 நாளுக்கும் போட்டுப் பார்த்தேன். நீங்கள் லாபம் என்று சொல்லும் பணம் அந்தக் கூலியில் பாதிக்குக்கூட வரவில்லை. கணக்கு எழுதியதால்தான் ஐயா எனக்கு நட்டம் தெரிந்தது.

பேரேடு:
வணக்கம் அம்மா. உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்றரை மணி நேரம் என்பது இடிக்கிறது. இரண்டே இரண்டு மாட்டுக்கா? ஒரு மாட்டைக் கறக்கப் பத்து நிமிடம். இரண்டு மாட்டுக்கும் காலை மாலை சேர்த்து நாற்பது நிமிடம். சாணம் அள்ள இருபது நிமிடம், தண்ணீர் காட்டித் தீவனம் வைக்க அரை மணி நேரம். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அடிப்படை எண்ணே தவறு என்றால் அதன் மேல் கட்டிய கணக்கு எப்படி நிற்கும்?

இன்னொன்று, அந்தக் கூலியை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. கையைவிட்டுப் போகாத பணம் செலவாகாது.

மேட்டுநிலத்தாள்:
கறக்க நாற்பது நிமிடம், சரி. புல் யார் அறுப்பது? அது தானாக வந்து தொட்டியில் விழுமா? வரப்பு வரப்பாகக் குனிந்து அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு வர எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மழை நாளில் கட்டு நனைந்து கனம் ஏறிவிட்டால் வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டும். மடி கழுவுவது, கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டுவது, பாத்திரம் துலக்குவது, பாலைக் கொண்டுபோய் வரிசையில் நின்று ஊற்றுவது, இவற்றில் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை. கன்று போட்ட இரவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அன்று கோடு போடவே மறந்துவிட்டேன். மூன்றரை என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.

ஏர்முனை:
நான் ஐம்பது ஆண்டு மாடு வைத்திருந்தவன். ஒன்றரை மணி நேரமே அதிகம். வேலையில் சுறுசுறுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் கை கழுவிவிட்டு வந்துவிடலாம். ‘உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று பெரியவர்கள் ஏன் சொன்னார்கள்? கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காராதே, வேலையைப் பார் என்பதற்காகத்தான். சொந்த வீட்டு மாட்டைப் பார்ப்பதற்குக் கூலி கேட்கும் காலமும் வந்துவிட்டது.

மேட்டுநிலத்தாள்:
ஐயா, ஐம்பது ஆண்டு மாடு வைத்திருந்தது நீங்கள். அந்த ஐம்பது ஆண்டும் புல் அறுத்தது யார்?

ஏர்முனை:
என் வீட்டுப் பெண்களை இதில் இழுக்காதீர்கள். அவர்கள் ஒரு நாளும் கதவில் கோடு போட்டதில்லை.

மேட்டுநிலத்தாள்:
போடாததால்தான் உங்களுக்கு ஒரு மணி நேரம் என்று தெரிகிறது.

ஈரமண்:
இரு தரப்பும் கொஞ்சம் பொறுங்கள். இது நேற்று முளைத்த சண்டை அல்ல. இந்திய விவசாயக் கணக்குகளை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையில் மூன்று செய்திகளை எடுத்துக் காட்டினார். குடும்ப உழைப்புக்கு நடப்புக் கூலியைப் போட்டால் விவசாயத்தில் பெரும்பகுதி நட்டமாகத் தெரிகிறது. நிலத்தின் அளவு கூடக் கூட லாபம் கூடுகிறது. ஆனால் ஏக்கருக்கு விளைச்சல் சிறிய நிலத்தில்தான் அதிகம். இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? சிறிய நிலத்தில் குடும்பம் கூலி பார்க்காமல் உழைப்பைக் கொட்டுகிறது, அதனால் விளைச்சல் ஏறுகிறது. அதே உழைப்புக்குக் கூலி எழுதியவுடன் லாபம் மறைந்துவிடுகிறது.

ரஷ்யப் பொருளியலாளர் சாயனோவ் 1920களிலேயே வேறு கோணத்தில் பார்த்தார். கூலியாளே வைக்காத குடும்பத்துக்குக் கூலிக் கணக்குப் பொருந்தாது. ஆண்டு முடிவில் வீட்டுக்கு மொத்தமாக என்ன மிஞ்சுகிறது, அதற்கு உடல் எவ்வளவு நோகிறது, சாப்பிட எத்தனை வாய் இருக்கிறது என்றுதான் அந்தக் குடும்பம் எடைபோடுகிறது என்றார். ஆகவே லாபம் என்று நீங்கள் ஒவ்வொருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

ஏர்முனை:
பார்த்தீர்களா? கூலிக் கணக்குப் பொருந்தாது என்று படித்தவரே சொல்லிவிட்டார்.

மேட்டுநிலத்தாள்:
உடல் எவ்வளவு நோகிறது என்றும் அதே படித்தவர்தான் சொன்னார். அந்த வரி வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டீர்களா?

பேரேடு:
நண்பர் ஈரமண் சொல்வது ஆராய்ச்சி. நான் கேட்பது எளிய கேள்வி. இரண்டு மாட்டுக்கு மூன்றரை மணி நேரம் எப்படி வந்தது?

நான்காம் தலைமுறை:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டிலும் மாடு உண்டு, நிலம் உண்டு. வெளியூரில் நான் வாங்கும் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு போவதால்தான் அந்தப் பண்ணை நிற்கிறது. ஒரு பருவம் அனுப்பத் தவறினேன், அப்பா விதைக்குக் கடன் வாங்கினார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பாருங்கள். வருமான வரிசையில் நடுவே நிற்கும் விவசாயக் குடும்பத்துக்குப் பண்ணையிலிருந்து மட்டும் வரும் வருமானம் பல ஆண்டுகளில் பூஜ்யத்துக்குக் கீழேதான். அங்கும் வீட்டில் ஒருவர் வெளி வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரிகிறது. அம்மா சொல்லும் மூன்றரை மணி நேரம் எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

ஏர்முனை:
நிலத்தை விட்டு ஓடியவர் தொழுவத்து நேரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார். தம்பி, கடைசியாக எப்போது சாணம் அள்ளினீர்கள்?

நான்காம் தலைமுறை:
போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அள்ளினேன் ஐயா. ஓடியவன் என்ற பேச்சு வேண்டாம். போன ஆண்டு டிராக்டர் விவாதத்திலும் இதையேதான் சொன்னீர்கள். "சொந்த டிராக்டர் இல்லாதவன் விவசாயியே இல்லை" என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரும் கடனில் வாங்கிவிட்டார். எங்கள் நிலத்துக்கு அது ஆண்டில் முப்பது நாள் ஓடினால் அதிகம். மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கிறது. வாடகைக்கு ஓட்டியிருந்தால் ஓடும் மணிக்கு மட்டும் கொடுத்திருப்போம்.

ஏர்முனை:
என் டிராக்டர் பக்கத்து நிலங்களுக்கும் ஓடுகிறது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

பேரேடு:
டிராக்டர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. தேய்மானத்தை யாரும் எழுதுவதே இல்லை. பத்து ஆண்டு உழைக்கும் பொருள் என்றால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு விலை கழிந்துகொண்டே வரும். நின்றாலும் தேயும், ஓடினாலும் தேயும். பணம் கையைவிட்டுப் போகவில்லை என்றாலும் அது செலவுதான். அதை எழுதாத கணக்கு கணக்கே அல்ல.

மேட்டுநிலத்தாள்:
இங்கே நில்லுங்கள். கையைவிட்டுப் போகாத பணம் செலவாகாது என்று எனக்குச் சொன்னீர்கள். இப்போது டிராக்டருக்கு மட்டும் கையைவிட்டுப் போகாமலே செலவு வந்துவிட்டது. இரும்பு தேய்ந்தால் செலவு, என் முழங்கால் தேய்ந்தால் செலவில்லையா? எனக்கு 46 வயது. தரையில் குந்திக் கறந்துவிட்டு எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். இதை எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதுகிறேன்.

பேரேடு:
தேய்மானத்துக்குக் கணக்கியல் விதி இருக்கிறது, வாங்கிய ரசீது இருக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? கதவில் போட்ட கரிக்கோடு. அதையும் மாதாமாதம் துடைத்துவிட்டதாக நீங்களே சொல்கிறீர்கள்.

ஈரமண்:
பேரேடு ஐயா, விதி என்று நீங்கள் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. கையைவிட்டுப் போன செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். அதற்கும் மேல் சொந்த நிலத்துக்கு வாடகை மதிப்பும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்ந்தது சி2. வீட்டாள் உழைப்பைச் செலவாக எழுதுவதற்கு அரசாங்கக் கணக்கிலேயே இடம் இருக்கிறது.

பேரேடு:
அது பயிருக்கு. நாம் பேசுவது மாட்டைப் பற்றி.

மேட்டுநிலத்தாள்:
பயிரில் குனிந்தால் உழைப்பு, தொழுவத்தில் குனிந்தால் உழைப்பில்லை! நல்ல நியாயம்.

மாடு பால் மறந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் ஒரு சொட்டுப் பால் இருக்காது. தீவனம் மட்டும் நிற்காது. கையில் பணம் இல்லாத அந்த மாதங்களில் தீவனத்தைக் கடனில்தான் எடுக்கிறோம். கடன் கொடுத்தவரே பின்னால் பாலையும் எடுத்துக்கொள்கிறார், அவர் வைத்ததுதான் விலை. வட்டி என்று தனியாக எதுவும் கேட்க மாட்டார், பால் விலையில் பிடித்துக்கொள்வார். அதை நோட்டில் வட்டி என்று எழுதுவதா, விலைக் குறைவு என்று எழுதுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கணக்கு எழுதத் தெரியவில்லை என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

பேரேடு:
அப்படியானால் இரண்டு மாதம் கறவையே இல்லை. கறக்காத நாளுக்கும் மூன்றரை மணி நேரமா? உங்கள் எண்ணில் ஓட்டை இருக்கிறது என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மேட்டுநிலத்தாள்:
சராசரி என்று எழுதியிருக்கிறேன். முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். நாலரை மணி நேரம் ஆன நாளும் உண்டு, இரண்டரையில் முடிந்த நாளும் உண்டு. இரண்டு மாடும் ஒரே நேரத்தில் பால் மறப்பதும் இல்லை. ஒன்று மறந்திருக்கும்போது மற்றொன்று கறக்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏர்முனை:
ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான்காம் தலைமுறை:
முதலில் ஒரு மணி நேரம் என்றீர்கள் ஐயா. அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

ஏர்முனை:
உங்கள் டிராக்டர் கொட்டகையிலிருந்து வந்தது.

ஈரமண்:
தொழுவத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 84 பண்ணைகள் 2 ஹெக்டேருக்கும் சிறியவை. விவசாய நிலத்தில் அவற்றின் கையில் இருப்பது ஏறத்தாழ 12 சதவீதம். உலகின் உணவில் அவை தருவது ஏறத்தாழ 35 சதவீதம். எழுதப்படாத வீட்டாள் உழைப்பு எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே நினைத்துப் பாருங்கள்.

மேட்டுநிலத்தாள்:
இதைத்தான் தொடக்கத்திலிருந்து கத்துகிறேன். அந்த 35 சதவீதத்துக்குள் எத்தனை வீட்டு மூன்றரை மணி நேரம் இருக்கிறது! அத்தனை பேரும் நாளை கூலியை எழுதி விலையில் சேர்த்துக் கேட்டால் பால் என்ன விலைக்கு வரும்? நாங்கள் கேட்காததால்தான் வாங்குகிறவருக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. கேட்காமலும் இருக்க வேண்டும், கணக்குத் தெரியாதவர்கள் என்ற பெயரையும் நாங்களே சுமக்க வேண்டுமா?

பேரேடு:
உணர்ச்சியைக் கலக்காதீர்கள் அம்மா. நட்டம் என்றால் ஏன் இன்னும் மாடு வைத்திருக்கிறீர்கள்? விற்றுவிட்டு அந்த 160 நாளும் கூலி வேலைக்குப் போகலாமே. போகவில்லை என்றால் மாட்டில் ஏதோ மிஞ்சுகிறது என்றுதானே பொருள்?

மேட்டுநிலத்தாள்:
போகலாம். காலையில் ஒன்றே முக்கால் மணி நேரம், சாயங்காலம் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று துண்டு துண்டாக யார் கூலி வேலை கொடுப்பார்கள்? இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வருகிறேன். நடவும் களையும் இல்லாத மாதங்களில் எங்கள் பக்கம் முழு நாள் வேலையே கிடையாது. மாட்டுப் பணம் வாரா வாரம் கைக்கு வருகிறது, குறைவாக இருந்தாலும் வருகிறது. நிலத்துப் பணம் அறுவடைக்கு ஒரு முறைதான் வரும். வந்த அன்றே கடனுக்குப் போய்விடும். மற்ற நாளெல்லாம் அரிசியும் பள்ளிக் கட்டணமும் மாட்டுக் காசில்தான். அதனால்தான் வைத்திருக்கிறேன். அதனாலேயே அது லாபம் ஆகிவிடாது.

பேரேடு:
ஒன்றே முக்காலும் ஒன்றே முக்காலும் சேர்ந்தால் மூன்றரை என்பது எனக்கும் தெரியும். அந்த ஒன்றே முக்கால் எப்படி வந்தது என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.

மேட்டுநிலத்தாள்:
மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. சிவலை கத்த ஆரம்பித்துவிட்டது. கறந்து, பால் ஊற்றிவிட்டு வந்து ஒவ்வொரு நிமிடத்தையும் பிரித்து எழுதுகிறேன். இந்த மாதம் கதவைத் துடைக்கப் போவதில்லை.

ஏர்முனை:
எழுதுங்கள். ஒன்றரைக்கு மேல் வந்தால் எனக்கும் காட்டுங்கள்.

பேரேடு:
பாத்திரம் துலக்கும் நேரத்தை அதில் சேர்க்கக் கூடாது. அது வீட்டு வேலை.