எடிட்டரில் 'தேடி மாற்று' சேர்த்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

வெண்பலகை:

பைத்தான் மொழியில் ஜன்னல், பொத்தான் எல்லாம் வைக்க உதவும் டிகின்டரில் எல்லாரும் செய்கிற அதே சின்ன உரை எடிட்டர்தான். தேடு, மாற்று இரண்டையும் சேர்த்து அத்தையிடம் கொடுத்தேன். சமையல் குறிப்புகளைப் புத்தகமாக்கத் தட்டிக்கொண்டிருந்தார். 'பல' என்று அடிக்கடி வருகிறதே என்று அதை 'நிறைய' ஆக்க நினைத்து, 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்திவிட்டார்.

பலகாரமெல்லாம் 'நிறையகாரம்' ஆகிவிட்டது. பலாப்பழப் பாயசம் 'நிறையாப்பழப் பாயசம்'. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். "ஏன்டா, இனிப்புப் பக்கத்துல எதுக்குடா நிறைய காரம்?"

சரி என்று 'முழுச்சொல் மட்டும்' என ஒரு டிக் பெட்டி வைத்து, வடிவம் சொல்லித் தேடும் ரெகெக்ஸில், சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் எல்லைக் குறியை இருபுறமும் போட்டேன். பலகாரம் தப்பித்தது. பலா தப்பவில்லை! பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் துணைக்கால், கொம்பு, புள்ளி எதையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. 'தமிழ்' என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வருகிறது. 'பலா'வில் லகரத்தோடு சொல் முடிந்தது என்பது அதன் கணக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

மின்சாரப்பூனை:

கல்லூரி லேப், செய்முறைத் தேர்வு. பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவனின் எடிட்டரை எக்ஸ்டர்னல் தேர்வாளர் சோதிக்கிறார். 'ரூ' என்பதை 'ரூ.' என்று மாற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப ஓடும் அவன் லூப் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தே தேடுகிறது. மாற்றி முடித்த 'ரூ.'-க்குள்ளேயும் 'ரூ' இருக்கிறதே! ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் வரியையும் வைத்திருந்தான், அதனால் எல்லாம் கண்ணெதிரே நடந்தது. புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி வலப்பக்கம் ஓடி, அடுத்த வரிக்கு இறங்கி, அங்கேயும் ஓடின. எக்ஸ்டர்னல் பேனா மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டே பார்த்தார். கடைசியில், "இது எப்ப நிக்கும் தம்பி?"

"மெமரி தீர்ந்தா நிக்கும் சார்."

அந்தப் பதிலுக்காகவே பாஸ் போட்டார் என்று நினைக்கிறேன். புதிதாக வைத்த சொல்லைத் தாண்டி அடுத்த தேடலைத் தொடங்கியிருந்தால் போதும், ஒரு வரி வேலை.

கடைசிவரி:

வெண்பலகை, ரெகெக்ஸைத் திட்டி என்ன பயன்? பைத்தானுக்கு 'ரெகெக்ஸ்' என்ற பெயரிலேயே தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பு இருக்கிறது. அதில் உயிர்க்குறியும் புள்ளியும் சொல்லின் பகுதிதான். அது வேண்டாம் என்றால், கிடைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருப்பது உயிர்க்குறியா புள்ளியா என்று பாருங்கள். ஆமென்றால் விட்டுவிடுங்கள்.

என் கதை சின்னது. பத்திரிகையில் பிழை திருத்தும் நண்பர் 'கொடி' என்று தேடுகிறார், 'இல்லை' என்று வருகிறது. மூன்றாவது வரியிலேயே கொடி இருக்கிறது. திரையில் விரலை வைத்து, "நான் பொய் சொல்றேனா, இது பொய் சொல்லுதா?" என்றார்.

கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் கொ-வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. அதனால் இனிமேல் எடிட்டர் எழுதப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தேடும் சொல், உரை இரண்டையும் பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே விதமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் உரையின் நீளம் மாறும், கிடைத்த இட எண் மூல உரையில் பொருந்தாது. எது எங்கே இருந்தது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, அடுத்தவர் கோப்பையே அவருக்குத் தெரியாமல் மாற்றிச் சேமித்துவிடாதீர்கள். ஔகாரக் குறி போட வேண்டிய இடத்தில் கொம்பையும் ளகரத்தையும் தட்டி வைத்திருப்பார்கள், அதை என்எஃப்சி தொடாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். அப்புறம், மாற்ற வேண்டிய இடங்களை எல்லாம் முதலில் குறித்துக்கொண்டு கடைசியிலிருந்து முன்னோக்கி மாற்றிக்கொண்டு வாருங்கள். முன்னால் உள்ள எண்கள் நகராது, மின்சாரப்பூனை சொன்ன கூத்தும் நடக்காது. தேடல் பெட்டி காலியாக இருந்தால் பொத்தானையே முடக்கிவிடுங்கள்.

பழையஜன்னல்:

நான் சி மொழியில், விண்டோஸின் வின்32 வசதிகளை வைத்து நிரல் எழுதும் ஆள். வேலையை விட்டுப்போன ஒருவரின் எடிட்டர் என் தலையில் விழுந்தது. விண்டோஸே தேடி மாற்றும் பெட்டியைத் தயாராகத் தருகிறது, ஃபைண்ட்ரிப்ளேஸ் என்ற ஸ்ட்ரக்ச்சரை, அதாவது தகவல் தொகுப்பை, நிரப்பி ரிப்ளேஸ்டெக்ஸ்ட் ஃபங்ஷனை அழைத்தால் போதும். அவர் அந்த ஸ்ட்ரக்ச்சரை ஃபங்ஷனுக்குள் லோக்கலாக, ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும்படி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்துவிட்டு ஃபங்ஷன் உடனே திரும்பிவிடும். பெட்டி திரையில் நிற்கும், அது நம்பியிருக்கும் இடம் காலி. எங்கள் மேசையில் சமத்தாக ஓடியது, வாடிக்கையாளர் தன் அலுவலகத்தில் 'அடுத்தது' பொத்தானை அழுத்தியதும் நிரலே மறைந்தது. "இதுதான் மாற்றுறதா?" என்று கேட்டார்.

கர்சர் கீழே இருக்கும்போது தேடினால் 'இல்லை' என்று வருவதையும் குறையாகச் சொன்னார். அது நோட்பேடிலேயே அப்படித்தான் இருந்தது, ஆவணத்தைச் சுற்றிவந்து தேடும் வசதி 2018-இல் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான் வந்தது.

ஊஞ்சல்:

எனக்கு மறக்காதது கன்ட்ரோல்-இசட். அலுவலகத்தில் ஓர் அக்கா, டிகின்டரில் செய்த எடிட்டரில் 'அனைத்தையும் மாற்று' போட்டுவிட்டு, வேண்டாம் என்று திரும்ப எடுக்கப் பார்த்தார். ஒரு தட்டுக்குப் புதுச்சொல் மறைகிறது, அந்த இடம் காலி. இன்னொரு தட்டுக்குப் பழைய சொல் வருகிறது. அடுத்த சொல்லுக்கும் அதே கதை. தட்டித் தட்டி விரல் வலித்து, பிறகு கோப்பைச் சேமிக்காமல் மூடினார். அன்று காலையிலிருந்து தட்டியதும் அதோடு போனது. டிகின்டர் நீக்குவதையும் செருகுவதையும் தனித்தனிப் படியாகக் குறித்துக்கொள்கிறது. தானாகவே பிரிப்பு வைக்கும் ஆட்டோசெபரேட்டர்ஸை அணைத்துவிட்டு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நாமே ஒரு பிரிப்பு வைத்தால் ஒரே தட்டில் எல்லாம் திரும்பும்.

மின்சாரப்பூனை:

கடைசிவரி, அறிவுரை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஒவ்வொரு இடமாகக் காட்டி 'இதை மாற்றட்டுமா?' என்று கேட்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினால் எவர் உட்கார்ந்து பதில் சொல்வார்?

கடைசிவரி:

நான் சொன்னது 'அனைத்தையும்' பொத்தானுக்கு. ஒவ்வொன்றாகக் கேட்பதாக இருந்தால் மேலிருந்தே வாருங்கள், யார் வேண்டாம் என்றது?