"விளையாட்டாக்கம்" சரிவருமா?

கல்லடி, திங்கள் இரவு:
ஐயாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வகுப்புக்கு ஒரு கைநூலை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்க வேணும். புள்ளி, படிநிலை, பதக்கம், அணிப்போட்டி என்று கணினி விளையாட்டில் உள்ளவற்றை வேலைத்தளத்தில் புகுத்துவது பற்றியது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் கேமிஃபிகேஷன்: 2002இல் நிக் பெல்லிங் என்ற பிரித்தானிய நிரலாளர் உண்டாக்கிய சொல். 'விளையாட்டாக்கம்' என்று எழுதினேன். "வேலைய விளையாட்டா எடுக்கச் சொல்றீங்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டது.

காரைதீவு:
தங்கச்சி, 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்பது தொல்காப்பிய உரியியல். பண்ணையாக்கம் என்று எழுதுங்கள். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. 'விளை'க்கு விருப்பம் என்றும் பொருள். விரும்பி ஆடுவதே விளையாட்டு. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். பழஞ்சொல்லை மீட்க அஞ்ச வேண்டாம்.

அக்கரைப்பற்று:
ஐயா, பண்ணை எண்டா இங்க கோழியும் மாடும்தான். ஆக்களப் பண்ணையில அடைக்கிற மாதிரி இருக்கு. 'ஆட்டமுறை' போதாதா?

காரைதீவு:
விளங்குவது மட்டுமே அளவுகோல் என்றால் 'கணினி'யும் வந்திருக்காது, தம்பி. 'மெய்நிகர் உலகு' நிலைத்துவிட்டதே. அங்கே நாம் எடுக்கும் உருவத்தை மட்டும் ஏன் 'அவதார்' என்கிறீர்கள்? 'தோற்றுரு' இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி:
தோற்றுருவைப் பிறகு பார்ப்போம். கொம்புமுறி விளையாட்டை ஒருவரும் நினைக்கவில்லையே! வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகி, கொளுவிய கொம்புகளை ஒன்று முறியும்வரை இழுக்கிறது. மழை வேண்டியும் நோய் நீங்கவும் கண்ணகை அம்மனுக்குச் செய்யும் சடங்கு அது, பெயர் விளையாட்டுத்தான். நம் மண்ணில் அது இலேசான சொல் இல்லை. 'விளையாட்டாக்கம்' இருக்கட்டும்.

கல்லடி, புதன்:
கொம்பு இழுக்க ஊர் தானாக வருகிறது, அக்கா. தையல் வரிசையில் புள்ளி போடுவது மேற்பார்வையாளர்; பிடிக்காவிட்டாலும் பிள்ளை எழும்பிப் போகேலாது. 'ஆக்கம்' அந்த வித்தியாசத்தை மறைக்கிறதே. ஐயா சொன்ன விருப்பம் எங்கே?

களுவாஞ்சிக்குடி:
அந்தக் குறை ஆங்கிலச் சொல்லிலும் உண்டு. சொல்லோடு தீராது, பாடத்தில் எழுதுங்கள்.

கல்லடி, வியாழன்:
களுவாஞ்சிக்குடி அக்கா சொன்னபடி 'விளையாட்டாக்கம்' என்பதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் 'விளையாட்டின் விதிகளை வேலைக்குள் அமைத்தல்' என்ற விளக்கமும் வரும்.

காரைதீவு:
எனக்கு உடன்பாடில்லை. பண்ணை வாழும் சொல்.

அக்கரைப்பற்று:
டீச்சர், ஆர் எத்தனை புள்ளி எண்டு வரிசையாக் காட்டுற லீடர்போர்டுக்கு 'முன்னிலைப் பலகை' எண்டு போட்டிருக்கீங்க. கடைசியா நிக்கிற பிள்ளைட பேரும் அதிலதானே வரும்? 'வரிசைப் பலகை' எண்டு மாத்துங்க.