டோர்செட்டில் இரண்டு நாள்: சார்மத் கடற்கரையும் டைனம் கிராமமும்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டோர்செட் போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். டர்டல் டோர் பற்றிக் கனபேர் எழுதிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். கடலுக்குள் நிற்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் வளைவு அழகுதான். ஆனால் கீழே இறங்கும் பாதையும் படிகளும் 70 வயது தாண்டியவர்களின் முழங்காலுக்குச் சரிவராது. நாங்கள் மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு மனதில் நிற்பவை வேறு இரண்டு இடங்கள். ஈஸ்டர் விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

முதல் நாள் சார்மத். கிழக்கு டெவனிலிருந்து டோர்செட் வரை சுமார் 155 கிலோமீட்டர் நீளும் கரையை யுனெஸ்கோ 2001இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதில் புதைபடிவம் தேட வசதியான இடம் இதுதான். இங்குள்ள மலைச்சரிவு கருங்கல் இல்லை, ஊறினால் சரியும் களி. மழையிலும் குளிர்காலப் புயலிலும் அது இடிந்து விழ, அலை வந்து களியைக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளே இருந்த படிவங்கள் கரையில் கிடக்கும். அதனால் சரிவைத் தோண்ட வேண்டிய தேவையே இல்லை. தோண்டவும் கூடாது, அதன் அடியில் நிற்கவும் கூடாது. எந்த நேரமும் இடியும்.

முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. மகன் கையில் கிடைத்த கல்லையெல்லாம் உடைத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்ன வாளியோடு வந்த வயதானவர் ஒருவர் நின்று அவனோடு கதைத்தார். 'உடைக்காதே. உட்கார். ஒரு பாய் அளவு இடத்தை மட்டும் பார். கல் மாதிரி இல்லாத ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று தேடு' என்றார். அவர் சொன்னது விரிப்பு, நான் அம்மாவுக்குப் பாய் என்று சொன்னேன். அம்மா யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரி, சின்ன வயதில் கரையில் சிப்பியும் சோகியும் பொறுக்கி வளர்ந்தவர். அப்படியே குந்தினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. 'இஞ்ச பார், இது சிப்பி மாதிரிச் சுருண்டு கிடக்கு' என்று கையை நீட்டினார். பழைய ஒரு ரூபாய்க் குற்றியை விடச் சிறிய அமோனைட், அதாவது சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரின் படிவம், பொன் நிறத்தில் மின்னியது. அது பொன் இல்லை, இரும்புக் கந்தகக் கனிமம் ஓட்டின் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அந்தப் பெரியவர் விளக்கினார். வயது கிட்டத்தட்ட 19 கோடி ஆண்டுகள். வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் கழுவி நன்றாக உலர வைக்கச் சொன்னார், உப்பும் ஈரமும் இருந்தால் சில வருடங்களில் பொடியாகிவிடுமாம். கரையிலேயே ஒரு தகவல் நிலையம் இருக்கிறது, உள்ளே போகக் காசில்லை. அங்கே காட்டினால் என்னவென்று சொல்வார்கள்.

மாலையில் பக்கத்து ஊரான லைம் ரீஜிஸ் போனோம். புதைபடிவம் தேடிப் பெயர் பெற்ற மேரி ஆனிங் பிறந்த இடத்தில்தான் இப்போது அருங்காட்சியகம் நிற்கிறது. தகப்பன் 1810இல் இறந்த பிறகு, படிவங்களைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பம். 1811இல் மேரியின் அண்ணன் இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் தலையைக் கண்டெடுக்க, அடுத்த வருடம் மீதி உடலைத் தேடி எடுத்தவர் மேரி. அப்போது 12, 13 வயதுதான். லண்டன் புவியியல் சங்கம் பெண்களைச் சேர்க்காத காலம் அது. என் மகள் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டேன் என்றாள்.

இரண்டாம் நாள் டைனம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1943 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, இந்தக் கிராமத்தையும் சுற்றுப்புறத்தையும் போர்ப் பயிற்சிக்கென்று இராணுவம் எடுத்தது. சுமார் 225 பேர் வெளியேறினார்கள். போர் முடியத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் போனவர்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. ஒருவரும் குடிதிரும்பவில்லை. இப்போது கூரையில்லாத கல் வீடுகள், சுவருக்குள் மரம். தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் மேசைகளில் பிள்ளைகளின் கொப்பிகள், சுவரில் கோட் மாட்டும் கொளுக்கிகளுக்குப் பக்கத்தில் பெயர்கள்.

போகும்போது ஊரார் தேவாலயக் கதவில் ஒரு கடிதம் குத்திவிட்டுப் போனார்கள். கோயிலையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தலைமுறைகளாக நாங்கள் வாழ்ந்த வீடுகள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்று கேட்டிருந்தார்கள். நான் அதை வரி வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா பேசவில்லை. பிறகு, 'எங்களுக்கும் ரெண்டு மூண்டு நாளிலை வரலாம் எண்டுதான் சொன்னவை' என்றார்.

1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டவர். ஊர் இலங்கை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 27 வருடம் கழித்து, 2017இல்தான் துறைமுகப் பக்கத்தை விட்டார்கள். அடுத்த வருடம் அம்மா போய்ப் பார்த்தபோது வளவில் வீடு இல்லை, கிணறு இருந்தது.

பக்கத்தில் நின்ற ஓர் ஆங்கிலேய அம்மா, ஏன் கண் கலங்குகிறார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் ஊரின் பெயர் என்ன?' என்று கேட்டார். மயிலிட்டி என்று அம்மா சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். 'லி' இல்லை 'லிட்டி' என்று அம்மா திருத்தினார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. எனக்கு இந்தப் பயணத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகு வார்பரோ விரிகுடா வரை நடந்தோம், ஒரு மைல் அளவு, பெரும்பாலும் சமதரை. மஞ்சள் கம்பங்களுக்கு உள்ளேயே நடக்க வேண்டும், வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கலாம்.

முதியவர்களோடு போகலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். டைனத்துக்குத் தாராளமாகப் போகலாம். கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சார்மத்துக்கு வற்று நேரம் பார்த்து, தண்ணீர் இறங்கும்போது போங்கள், ஏறத் தொடங்க முன் திரும்புங்கள். டைனம் இன்றும் பயிற்சி நிலத்துக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான சனி ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் திறந்திருக்கும். நாங்கள் முதலில் ஒரு வியாழக்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம், அதனால் நாளைப் பார்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.