நார்தர்ன் ஸ்டார்: நாலரைப் பென்னி இதழ் வாரம் 36,000 படி போனது எப்படி?

வாசிப்புவட்டம்_மதுரை:
ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டு, மக்கள் சாசனம் (சார்ட்டர்) ஒன்றை முன்வைத்த 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கமான சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் வார இதழ் நார்தர்ன் ஸ்டார் பற்றி எங்கள் வட்டத்துக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. 1837 நவம்பர் 18 அன்று லீட்ஸ் நகரில் தொடங்கிய இதழ். உரிமையாளர் ஃபியர்கஸ் ஓ'கானர், பதிப்பாளர் ஜோஷுவா ஹாப்சன், முதல் ஆசிரியர் வில்லியம் ஹில். விலை 4½ பென்னி. கைத்தறி நெசவாளருக்கு வாரக்கூலி 6 ஷில்லிங் என்று வைத்தால் 72 பென்னி. அதில் பதினாறில் ஒரு பங்கு இதழுக்கே போய்விடும். ஆனால் 1839இல் வாரச் சராசரி ஏறத்தாழ 36,000 படிகள் என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது, நம்பலாமா? அதற்கு முன் ஹென்றி ஹெதரிங்டன் நடத்திய தொழிலாளர் இதழ் புவர் மேன்ஸ் கார்டியன் அரசு முத்திரை இல்லாமல் ஒரு பென்னிக்கு விற்றதே, ஓ'கானர் ஏன் அந்த வழியில் போகவில்லை?

முத்திரைத்தாள்:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றது தானாகத் தெளியும்.

1815 முதல் செய்தித்தாள் ஒவ்வொரு படிக்கும் 4 பென்னி முத்திரை வரி. புவர் மேன்ஸ் கார்டியன் (1831–35) அதைக் கட்ட மறுத்தது. விற்றவர்கள் நூற்றுக்கணக்கில் சிறை போனார்கள். 4 பென்னி வித்தியாசம் இருந்தவரை அந்த ஆபத்துக்கு அர்த்தம் இருந்தது. 1836 செப்டம்பரில் வரியை 1 பென்னியாகக் குறைத்த அதே சட்டம், முத்திரையில்லாத தாள்களைத் தேடிப் பிடிக்கவும் அச்சகத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரிகளுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. ஒரு பென்னியை மிச்சப்படுத்த அச்சகத்தையே பணயம் வைப்பது கட்டுப்படியாகாது. தவிர, முத்திரை பட்ட இதழ் தபாலில் இலவசமாகப் போகும். லீட்ஸிலிருந்து ஸ்காட்லாந்து வரை ஆள் வைத்து ஒளித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இனி எண். முத்திரை, அச்சான இதழில் குத்துவது அல்ல. வெள்ளைத்தாளை முதலில் முத்திரை அலுவலகத்துக்கு அனுப்பி, பணம் கட்டி, முத்திரை குத்தி வாங்கிய பிறகே அச்சேற்ற வேண்டும். 1836 சட்டப்படி ஒவ்வொரு இதழுக்கும் பெயர் பொறித்த தனி முத்திரை அச்சு. ஒரு இதழ் வாங்கிய தாளை இன்னொன்று பயன்படுத்த முடியாது. ஆகவே இதழ்வாரியாக எத்தனை முத்திரை போனது என்பது அரசு கணக்கிலேயே இருக்கிறது. 1839இல் நார்தர்ன் ஸ்டாருக்கு ஏறத்தாழ 18½ லட்சம். 52ஆல் வகுத்தால் 35,600 சொச்சம். அதுதான் நீங்கள் சொல்லும் 36,000. வரியை முழு விகிதத்தில் போட்டால் 240 பென்னிக்கு ஒரு பவுண்டு வீதம் 7,700 பவுண்டு. தன்னை ஒடுக்கும் அரசுக்கு ஒரு தொழிலாளர் இதழ் ஓராண்டில் கட்டிய தொகை இது.

எச்சரிக்கை: இது வாங்கிய முத்திரையின் கணக்கு, விற்ற படிகளின் கணக்கு அல்ல. ஒரு காலாண்டில் வாங்கிய தாள் அடுத்த காலாண்டில் அச்சாகலாம். விற்காமல் தேங்கியதும் இதற்குள் அடக்கம். காலாண்டுக் கணக்கை வைத்து ஏறியது இறங்கியது என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்டுச் சராசரியை மட்டும் எடுங்கள்.

பழந்தாள்:
கூலிக் கணக்கைத் தனி ஆளுக்குப் போட்டதால்தான் இடிக்கிறது தோழர். வாங்கியது தனி ஆள் அல்ல, கூட்டு.

லங்காஷயர் எழுத்தாளர் பென் பிரையர்லி தன் சிறுவயதைப் பற்றிச் சொன்னது இதற்கு நல்ல சான்று. அவருடைய அப்பாவும் வேறு ஐந்து பேரும் சேர்ந்து ஒரு படிக்குச் சந்தா கட்டினார்கள். ஞாயிறு காலையில் அவர்கள் வீட்டில் கூடுவார்கள், சத்தமாக வாசிப்பது சிறுவன் பென்னின் வேலை. ஆறு பேர் பங்கு போட்டால் தலைக்கு முக்கால் பென்னி. மதுக்கடையிலும் பட்டறையிலும் வாசித்தபோது இன்னும் பலர் காதில் விழுந்தது. ஒரு படிக்கு இத்தனை வாசகர் என்று நிலையான எண் எதையும் பெருக்கிப் போடாதீர்கள். ஊருக்கு ஊர் மாறும்.

இலவசத் தபாலில் இன்னொரு வசதி: வாசித்து முடித்த படியை மறுபடி வேறு ஊருக்கு அனுப்பலாம். நிபந்தனைகள் இரண்டு: உறையின் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், முகவரி தவிர எதுவும் எழுதக்கூடாது. மக்கள் அச்செழுத்துகளின் கீழே ஊசியால் புள்ளி குத்தி, அந்த எழுத்துகளைக் கூட்டிச் செய்தி அனுப்பினார்கள். 1840இல் பென்னி தபால் வரும்வரை கடிதம் அனுப்பக் கட்டணம் கடுமை என்பதால் இந்த வழி.

சந்தாவைப் பிடித்து வைக்க ஓ'கானர் செய்த ஏற்பாடும் முக்கியம். சில மாதம் தொடர்ந்து வாங்குவோருக்கு ஹென்றி ஹன்ட், ஜான் ஃப்ராஸ்ட், ராபர்ட் எம்மெட் போன்ற போராட்டத் தலைவர்களின் செதுக்கோவியம் முகவர் மூலம் வரும். மட்டமான அச்சு இல்லை, உலோகத் தகட்டில் செதுக்கியது. சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

உங்கள் கட்டுரையில் கட்டாயம் வர வேண்டிய ஒன்று: இதழே அமைப்பாக இயங்கியது. 1840 ஜூலையில் மான்செஸ்டரில் தேசிய சார்ட்டர் சங்கம் அமைந்தது. தனித்தனிக் கிளைகளாகத் திரண்டு ஒன்றோடொன்று தொடர்பு வைத்தால் அத்தகைய சங்கங்களைத் தடை செய்த 1799ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் எல்லோரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர் என்று வைத்து, ஊர்க்காரர்களைப் பொதுக்குழுவுக்கு முன்மொழிந்து, அந்தப் பட்டியலை நார்தர்ன் ஸ்டாரில் அச்சிட்டார்கள். பெயரோடு தொழிலும் வரும்: நெசவாளர், செருப்புத் தைப்பவர், தையற்காரர். இயக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அறிய இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வாசிப்புவட்டம்_மதுரை:
மிக்க நன்றி தோழர்களே. பிறகு ஏன் சரிந்தது? மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு இதில்தான் வந்தது என்று ஒரு பதிவில் பார்த்தேன், சரியா?

முத்திரைத்தாள்:
சரியில்லை. அது 1850 நவம்பரில் ரெட் ரிபப்ளிக்கன் இதழில் வந்தது. மொழிபெயர்த்தவர் ஹெலன் மக்ஃபார்லேன். இரண்டு இதழுக்கும் ஜார்ஜ் ஜூலியன் ஹார்னி ஆசிரியராக இருந்ததால் குழப்பம். ஹார்னி 1845 முதல் 1850 வரை நார்தர்ன் ஸ்டார் ஆசிரியர். அதில் எங்கெல்ஸ் எழுதியது உண்மை.

சரிவு ஒரே இறக்கமாக இல்லை. சாசனம் நிறைவேறும் என்ற 1839இன் எதிர்பார்ப்பு அடங்கி, தலைவர்கள் சிறைக்குப் போனதும் 1840இல் பாதியளவானது. இதழில் வந்தவற்றுக்காக ராஜத்துரோக வழக்கில் ஓ'கானரே 1840 மே முதல் யார்க் சிறையில். அங்கிருந்தும் வாராவாரம் கடிதம் எழுதினார். 1843இல் 9,000க்கும் கீழே. 1844 நவம்பரில் லண்டனுக்கு மாறி, விலை 5 பென்னியானது. போட்டி வார இதழான லாயிட்ஸ் வீக்லி அப்போது 3 பென்னிக்கு, குற்றச் செய்தியும் கலந்து, வந்துகொண்டிருந்தது. 1848இல் மட்டும் இயக்கம் எழுந்தபோது இதழும் 12,000 அளவுக்கு எழுந்தது. 1852இல் ஓ'கானர் கைவிட்டுப் போனதை ஹார்னி வாங்கி ஸ்டார் ஆஃப் ஃப்ரீடம் என்று பெயர் மாற்றினார்; நவம்பரில் நின்றது. முத்திரை வரி ஒழிந்தது 1855இல்.

பழந்தாள்:
மூலத்தையே பார்க்க, லண்டன் பிர்க்பெக் கல்லூரியும் கிங்ஸ் கல்லூரியும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து செய்த என்.சி.எஸ்.இ. என்ற 19ஆம் நூற்றாண்டு இதழ்களின் மின்தொகுப்பில் 1837–52 இதழ்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒரே தேதிக்குப் பல பதிப்புகள் இருக்கும். தூர ஊர்களுக்கு முதலில் அச்சிட்டு அனுப்பிவிட்டு, பிந்திய செய்தியைச் சேர்த்து அடுத்ததை அச்சிடுவார்கள். மேற்கோள் காட்டும்போது தேதியோடு பதிப்பையும் பக்கத்தையும் எழுதுங்கள். இல்லையேல் சரிபார்ப்பவர் வேறு பதிப்பைத் திறந்து, செய்தி இல்லையே என்பார். பொடி எழுத்தை இயந்திரம் தப்பாக வாசித்திருப்பதால் நீண்ட சொற்றொடரைத் தேடினால் சிக்காது. ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் கொடுத்து, ஆண்டைச் சுருக்கி, பக்கப் படத்தையே கண்ணால் ஓட்டுங்கள்.